பாதி வரைந்து திருப்பிய முகம்

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவியின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலால் ஓங்கி ஓர் அடி அடித்தேன். நெற்றியில் விழுந்த அடி வாய் வரைக்கும் இறங்கியது. போலீசுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் மீதியையும் கேட்டுவிடுங்கள். முகம் இருந்தது கம்ப்யூட்டர் திரையில். முகத்துக்குச் சொந்தக்காரி அடுப்படியில் உட்கார்ந்து கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு அவள் எழுந்துகூட வரவில்லை. "இப்ப என்னத்த ஒடைச்சீக" என்று அங்கிருந்தே கேட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் வேறு எப்படிக் கேட்பாள்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் ஆர்ட்டிஸ்ட். பட்டாசுப் பெட்டியின் மேல் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் பெண், புஸ்வாணத்துக்கு முன்னால் கும்பிட்டு நிற்கும் குழந்தை, இவர்களையெல்லாம் பெற்றுப் போட்டவன். இந்தத் தொழிலில் எழுதாத சட்டங்கள் உண்டு. லேபிளில் இருக்கிற ஆள் கண்ணை மூடக் கூடாது. நெருப்பைப் பார்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் அணுகுண்டே வெடித்தாலும் வாங்குகிறவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்க வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. சீசன் நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்து முகம் கேட்பார்கள். முழு முகம் வரைய யாருக்கு நேரம் இருக்கிறது. பாதியை வரைந்து, கம்ப்யூட்டரில் அதையே திருப்பிப் பக்கத்தில் ஒட்டிவிடுவோம். இரண்டு கன்னமும் ஒரே அச்சு. கடவுளுக்குக்கூட அவ்வளவு சரியாக வராது.

என் மகள் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற வேலையில் இருக்கிறாள். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். விளையாட்டு என்றதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று நினைக்க வேண்டாம். இது கதை விளையாட்டு. திரையில் ஓர் ஆள் இடுப்புவரைக்கும் தெரிவார். அவர் பேசுவது கீழே ஒரு கட்டத்தில் எழுத்தாக வரும். ஒரு தட்டு தட்டினால் அடுத்த வசனம். நடுநடுவே இதைச் செய்வாயா அதைச் செய்வாயா என்று கேட்கும். நாம் தேர்ந்தெடுக்கிற வழியில் கதை போகும். கம்பெனிக்காரர்கள் இந்த முறை அவளையே ஒரு கதை செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்துக்கொண்டது அவளுடைய அம்மாவின் கதை. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்து. முகங்களை வரைகிற வேலை எனக்கு.

ஒரு மாதம் அவள் அம்மாவை உட்கார வைத்துப் பேச வைத்து போனில் பதிந்தாள். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"முழுசும் நான் பாப்பேன். சரின்னு சொன்னா வெளிய விடு. வேண்டாம்னா அம்புட்டையும் அழிச்சுரணும்."

மகள் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு 'சரி'யில் தொங்கியது.

நான் வரைந்து கொடுத்ததும் சண்டை ஆரம்பித்தது. முகங்களை அசைய விடுவதா, அப்படியே நிறுத்துவதா என்பதுதான் சண்டை. மகள் இமையைத் தனியாக, கருவிழியைத் தனியாக, உதட்டைத் தனியாக வெட்டி எடுத்து, மூச்சு விட வைத்து, கண் சிமிட்ட வைக்கலாம் என்றாள்.

"அசைஞ்சாத்தாம்ப்பா ஆளு உசிரோட இருக்கும். பேசும்போது வாய் அசையலன்னா பேய் பேசுற மாதிரி இருக்கு."

"நகைக்கடை வாசல்ல ஒரு பொம்மை நாள் பூரா கும்பிட்டுக்கிட்டு நிக்குமே, அதைப் பாத்து யாராச்சும் வணக்கம் சொல்லியிருக்காகளா? நாலு தடவை மூச்சு விட்டா அஞ்சாவது தடவை அது எப்ப விடும்னு எண்ண ஆரம்பிச்சுருவாக. கதையை யாரு படிப்பா?"

"லேபிள் மாதிரி நட்டமா நிக்கணுமாக்கும்."

"நட்டமா நின்னுதான் நாடு பூரா போய்ச் சேருது."

வெறும் வாய்ச் சண்டையாகவும் அது நிற்கவில்லை. சூப்பர்வைசர் பாத்திரத்தை அவள் அசைய வைத்துக் காட்டினாள். மீசை துடிக்கிறது. ஆலையில் வேலை பார்க்கிற பெண்ணை அறையக் கை ஓங்குகிறான், அறைகிறான், கையை இறக்குகிறான். அடுத்து நான் வரைந்த அசையாத படத்தைப் போடச் சொன்னேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. மூன்று வசனம் போயும் அது இறங்கவில்லை. நாலாவது வசனத்தில் மகள் தன்னையறியாமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அசைகிற கை ஒரு தடவை அடிக்கும். நின்ற கை அடித்துக்கொண்டே இருக்கும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் அவள் அழுகிற கிழவர் ஒருவரின் தொண்டையை மட்டும் அசைய வைத்துக் காட்டினாள். எச்சில் விழுங்குகிறார், அவ்வளவுதான். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இருந்தாலும் மனைவியின் முகத்தை மட்டும் அசைக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். காரணம் மேல் காரணமாக அடுக்கினேன். ஒரு மனிதன் இவ்வளவு காரணம் சொன்னால் சொல்லாத ஒன்றை மடியில் கட்டியிருக்கிறான் என்று அர்த்தம். அதைச் சொல்ல அந்த வெடி விபத்துக்குப் போக வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன்பு நாங்கள் இருவரும் ஒரே ஆலையில் வேலை பார்த்தோம். மகளுக்கு மூன்று வயது, பால்வாடியில் விட்டிருந்தோம். மனைவி பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கிற ரூமில். அப்போது நான் லேபிள் வரைகிறவன் இல்லை, ஒட்டுகிறவன். கொஞ்சம் தள்ளி, பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற ஷெட்டில் இருந்தேன். காலை டீ முடிந்து, கையெல்லாம் பசையோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் கேட்டது சின்னச் சத்தம், தேங்காய் விழுந்த மாதிரி. இரண்டாவது சத்தத்தைக் காது கேட்கவில்லை, நெஞ்சுதான் கேட்டது. ரூமின் சுவர் ஒன்று எழுந்து நின்று அப்புறம் படுத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை துண்டு துண்டாக வானத்துக்குப் போய், யோசித்து, திரும்பி வந்தது. புகை கறுப்பாக இருக்கவில்லை. பச்சையும் சிவப்புமாக, நாங்கள் லேபிளில் போடுகிற அதே பச்சை, அதே சிவப்பு. வேலி முள்ளில் ஒரு பாவாடைத் துணி எரிந்துகொண்டே தொங்கியது. அதற்குக் கீழே கிடந்ததையும் பார்த்தேன். அதை மட்டும் இன்றுவரை வரைந்ததில்லை.

அந்த இரண்டாவது சத்தத்துக்குப் பிறகுதான் ஓடினேன். ரூமைப் பார்த்து அல்ல. எதிர்ப்பக்கமாக. சீமைக் கருவேல முள் தொடையைக் கிழித்தது தெரியவில்லை. ஒரு செருப்பு போனது தெரியவில்லை. ரோட்டில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறியதோடு விட்டேனா, டிக்கெட்டும் கேட்டேன்.

"விருதுநகர் ஒண்ணு."

"இது சிவகாசியோட நின்னுரும்ணே" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்ல, விருதுநகரே குடுங்க."

விருதுநகரில் எனக்கு யாரும் இல்லை. ஏன் விருதுநகர் என்று இன்றைக்கும் தெரியாது. உயிருக்குப் பயந்தவன் ஜங்ஷன் இருக்கிற ஊராகப் பார்த்து ஓடுவான் போல. கண்டக்டர் என் கையைப் பார்த்து, "கையில என்னண்ணே ஒட்டியிருக்கு" என்றார். உள்ளங்கையைத் திருப்பினேன். ஒரு லேபிள். மத்தாப்பு பிடித்த பெண் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு ஒரு பெண்டாட்டி இருப்பது ஞாபகம் வந்தது.

இறங்கித் திரும்பி ஓடினேன். அதற்குள் அவளை யாரோ இரண்டு பேர் இழுத்து வெளியே போட்டு, லோடு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தம்பி என் சட்டையைப் பிடித்தான்.

"எங்கக்கா உள்ள கெடந்து வெந்திருக்கா. நீரு எங்கன போனீரு?"

பொய் சொல்லத் தெரிந்தவன் அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "விருதுநகருக்கு."

முதல் குத்து ஓடினதுக்கு. இரண்டாவது குத்து விருதுநகருக்கு. மேல்வரிசையில் ஒரு பல் என் நாக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அவன் என்னைச் சுவரோடு வைத்து இடித்த இடியில், டிரிப் ஏற்றுகிற கம்பி எங்கள் மேலேயே சாய்ந்தது. நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். பிரித்தவர்களிலும் ஒருவர் போகிறபோக்கில் என் பிடரியில் ஒன்று வைத்தார். அது யாரென்று தெரியவில்லை, குறையும் சொல்லவில்லை.

தொடையில் இருந்து தோல் எடுத்து அவளுடைய வலது கன்னத்தில் வைத்தார்கள். தினமும் காலையில் கட்டுப் பிரிக்கும்போது துணியோடு சதையும் வரும். அவள் துண்டைக் கடித்துக்கொள்வாள். நான் வெளியே நின்று நர்ஸிடம் ஜோக் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தபிறகு அவள் வலது கன்னம் அசையவில்லை. வலது கண் முழுசாக மூடாது. எந்நேரமும் ஒரு சொட்டு ஈரம் நிற்கும். சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். வெளியே போனால் முந்தானையை வலது பக்கம் இழுத்து விட்டுக்கொள்வாள். ஆதார் கார்டுக்கு மட்டும்தான் நேராகப் பார்த்து போட்டோ எடுத்திருக்கிறாள். "சிரிக்காதீங்கம்மா" என்று அந்தப் பையன் சொன்னானாம், அதனால் ரொம்ப மரியாதையான பையன் என்றாள்.

அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று ஒரு வருஷம் கழித்து, முறுக்கு இருந்த காகிதப் பையை ஊதி அவள் முதுகுக்குப் பின்னால் அடித்து வெடித்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே இட்லிச் சட்டி மூடியை வீசினாள். என் புருவம் பிளந்தது. நாலு தையல். ரத்தம் கொட்டுகிற காயத்தில் மஞ்சள்பொடியை அழுத்திக்கொண்டே, "இன்னொரு தடவை வெடிச்சீகன்னா மூடியோட விட மாட்டேன்" என்றாள். அதோடு எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. ஊருக்கெல்லாம் நெருப்புப் படம் போட்டுக் கொடுக்கிறவன் வீட்டில் கேப் துப்பாக்கிகூட இல்லை.

இப்போது அந்தச் சொல்லாத காரணம். விளையாட்டுக்கு அவளை வரைய உட்கார்ந்தபோது என் கை தானாகத் தொழில்புத்தியைக் காட்டியது. இடது பாதியை வரைந்தேன். அழகாக வந்தது. திருப்பி ஒட்டிவிட்டேன். தழும்பு இல்லை, ஈரம் இல்லை. இருபத்தேழு வயதில் டீ குடித்துவிட்டு ரூமுக்குள் போன பெண். நின்ற படமாக இருந்தவரை அது வம்பு செய்யவில்லை. மகளும் எதுவும் கேட்கவில்லை. அசைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள், "சும்மா ஒரு தடவை பாருங்கப்பா" என்று தட்டினாள். படம் மூச்சு விட்டது. கண் சிமிட்டியது, இரண்டும் முழுசாக மூடித் திறந்தன. அப்புறம் சிரித்தது. இரண்டு கன்னமும் ஒன்றாக மேலே ஏறின. இருபது வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. எனக்கு முதுகில் சுடுதண்ணீர் ஊற்றியது போலிருந்தது. செத்தவள் எழுந்து வந்து, எங்கேடா போனாய் என்று கேட்காமல் சிரித்தால் எப்படி இருக்கும். கையில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

வெட்கக்கேடு என்னவென்றால், திரை விரிசல் விட்டும் அது அணையவில்லை. விரிசலுக்குப் பின்னால் அவள் நாலு விநாடிக்கு ஒரு தடவை சிரித்துக்கொண்டே இருந்தாள். விரிசலாவது பொருத்தமான இடத்தில் விழுந்திருக்கலாம். அவளுடைய நல்ல இடது கன்னத்தின் மேல் விழுந்து தொலைத்தது.

கருவாட்டுக் கையோடு என் மனைவி வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள்.

"ஆரு இது?"

"நீதாம்மா" என்றாள் மகள்.

"நானா. ரெண்டு பக்கமும் சிரிக்கா." இன்னும் ஒரு சிரிப்பு வந்து போகும்வரை பார்த்தாள். "இவளுக்கு ஒண்ணும் ஆகலையே. பெறகு எதுக்கு இவ கதைய ஊருக்குச் சொல்லுத? அழிச்சுரு."

மகளின் கை மவுஸின் மேலேயே நின்றது. சத்தியம் செய்த கை அல்லவா. "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் இப்பிடி வரைஞ்சீகன்னு நெனச்சேம்மா" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். "வலது பக்கம் வரையத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு?"

"பாத்ததில்ல. பாத்தாத்தான வரைய முடியும்."

"இருவது வருசமாவா?"

"பக்கத்துல படுத்தாலும் நான் எடது பக்கந்தான படுக்கேன்" என்று ஒரு ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. திரையில் இருந்தவள் மட்டும் சிரித்தாள்.

மனைவி என் கையில் இருந்த ஸ்கேலைப் பிடுங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தையல் போட்ட புருவம் தானாக இழுத்தது. அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அவள் நாற்காலியை எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, ஸ்கேலை மூக்கின் மேல் செங்குத்தாக நிறுத்தி, இடது பாதியை இன்னொரு கையால் மறைத்திருந்தாள்.

"இந்தப் பக்கத்த மட்டும் வரைங்க. திருப்பாம. நல்லா வந்தா வச்சுக்கிடுவோம். இல்லன்னா இன்னைக்கே அழிச்சுரணும்."

தாளும் பென்சிலும் எடுத்தேன். முதல் கோடு ரயில் போன மாதிரி வளைந்து வளைந்து போனது. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அந்தக் கன்னம் செத்த கன்னம் இல்லை. எச்சில் விழுங்கும்போது காதோரத்தில் ஒரு சுருக்கம் ஓடி மறைகிறது. கண் மூடும்போது வெள்ளை நிலாத்துண்டு போல ஒன்று மிஞ்சுகிறது. தோல் வைத்துத் தைத்த இடம் மழை பெய்து காய்ந்த கரிசல் மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தாலும், உதட்டோரம் மட்டும் பேசும்போது துடிக்கிறது. மகள் பக்கத்தில் நின்று போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். வரைகிறவனுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மனைவி பேச ஆரம்பித்தாள்.

"மொதச் சத்தம் எங்க ரூம்லதான். பக்கத்துல இருந்த அக்கா சேலைல தீ பிடிச்சுருச்சு. கையால அணைச்சோம். நான் எந்திரிச்சு வாசல்ல நின்னு ஒங்களத்தான் பாத்தேன். கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். நீங்க அதுக்குள்ள வேலிய தாண்டிட்டீக."

பென்சில் நின்றது.

"அம்புட்டு ஒசரம் தாண்டுவீகன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அந்த அக்காவத் தூக்கத் திரும்புனேன். அப்பத்தான் ரெண்டாவது."

மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள். நான் ஓடியது இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு இல்லை. தேங்காய் விழுந்த சத்தத்துக்கே ஓடிவிட்டேன். சுவர் படுத்ததையும் பச்சைப் புகையையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓடினேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இருபது வருஷம் நினைத்திருந்தேன். அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கல. வரைங்க, கழுத்து வலிக்கு."

வரைந்து முடித்துக் கொடுத்தேன். ஸ்கேலை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். அழிக்கச் சொல்லவில்லை. மகளிடம் ஒன்று மட்டும் சொன்னாள்.

"மருந்து ரூமுக்குள்ள இருக்கும்போது இவள அசைய விடாத. அங்கன நாங்க மூச்சக்கூட மெதுவாத்தான் விடுவோம். ஒரு சாமான இழுத்து வைக்க மாட்டோம், தூக்கித்தான் வைப்போம். இவ ஆடிக்கிட்டே நின்னா, வேல தெரிஞ்ச எவளும் இத நம்ப மாட்டா. வெளிய வந்த பெறகு அசையட்டும். என்னைய மாதிரி அசையட்டும்."

நானும் மகளும் பல மாதம் சண்டை போட்டும் தீராததை அவள் கருவாட்டுக் கையோடு தீர்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் நடந்ததெல்லாம் வேலைதான். ஒரு கண்ணை அசைத்தால் மறு கண்ணும் தானாக அசைகிற மாதிரி அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி இருக்கிறது. மகள் முதலில் அதை நிறுத்தினாள். இடது பாதியை ஒரு வாரத்தில் முடித்தாள். வலது பாதியின் அந்தச் சின்னத் துடிப்புக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஐப்பசியில், ஊரெல்லாம் சரக்கு ஏற்றி முடிந்து ஓய்ந்திருந்த ஒரு காலை நேரம், மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முழுசும் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். மருந்து ரூமில் பெண்கள் சிலை போல் நிற்கிறார்கள். முதல் சத்தம். புருஷன் பாத்திரம் கறுப்பு நிழலாக வந்து திரையின் ஓரமாக வெளியே போகிறது. இரண்டாவது சத்தத்துக்குத் திரை வெள்ளையாகி, நெடுநேரம் எழுத்தே வரவில்லை. அவள் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். தட்டிவிட்டாள். கடைசியில், கட்டுப் பிரித்த முகம் நேராகப் பார்த்து, பாதி மட்டும் சிரித்தது. நாற்காலியில் இருந்தவளும் அதைப் பார்த்துப் பாதி சிரித்தாள். இந்த முறை வலது பக்கம் நின்றிருந்தேன், அதனால் தெரிந்தது.

"பஸ்ஸு எங்க?" என்றாள் திடீரென்று.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா வேண்டாம்னாரும்மா. ஓடுறது மட்டும் போதும்னாரு. மூஞ்சியும் வரையல. நெழலா இருக்கட்டும்னுட்டாரு."

"எனக்குப் பாதி மூஞ்சிதான் இருக்கு. அத முழுசா காட்டியாச்சு. அவருக்கு முழு மூஞ்சி இருக்கு, நெழலாம்ல." எழுந்து முந்தானையைச் சரி செய்தாள். வலது பக்கம் இழுத்துவிடவில்லை. "விருதுநகர் டிக்கெட்டையும் சேத்து, மூஞ்சியும் போட்டு வெளிய விடு. நான் சரின்னுட்டேன்."

ஆக, மூன்று நாளாக என்னை நானே வரைந்துகொண்டிருக்கிறேன். பஸ் கம்பியைப் பிடித்த ஒரு கை. லேபிள் ஒட்டிய இன்னொரு கை. புருவத்தில் தையல் அப்போது இல்லை என்றாலும் போட்டுவிட்டேன். பாதியை வரைந்து திருப்பவில்லை, திருப்பினால் இரண்டு கோழைகள் வந்துவிடுவார்கள். எல்லாம் முடிந்து வாய் ஒன்றுதான் பாக்கி. மூடி வைப்பதா, திறந்து வைப்பதா. அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன்.

"தொறந்தே போடுங்க" என்றாள். "அது எப்ப மூடுச்சு."